இடது கை முடிச்சு

ஸ்ரீவில்லிபுத்தூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கடுதாசியா என்று மதினி சிரிப்பாள். சிரிக்கட்டும். இந்த வீட்டில் போனில் பேசினால் அது பொதுக்கூட்டம். அத்தைக்குக் காது மந்தம் என்பதால் எல்லாமே ஸ்பீக்கரில்தான். உன் பேண்டேஜ் யூனிட்டுக்குத் தினமும் இங்கிருந்து பஸ் ஏறுகிற பிச்சையம்மாள்தான் இனி நமக்குத் தபால்காரி. எல்லாம் கைகூடும் வரைக்கும் இது நம் ரெண்டு பேருக்குள்ளேயே இருக்கட்டும்.

அத்தையிடம் நேற்று கடைசியாகச் சொல்லிவிட்டேன். கோதை வேண்டாம் என்று அழுகிறாள், அவளுக்குச் சடங்கு விழா கிடையாது, மண்டபம் கிடையாது, பிளக்ஸ் கிடையாது. அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "தாய்மாமன் சீருக்கு வக்கில்லைன்னு நேராச் சொல்லிற வேண்டியதுதானட்டி" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில், "எங்க அண்ணன் இந்த ஊர்ல எவனும் செய்யாத சீரு செய்யப் போறான், பொறுத்திருந்து பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. உன் மச்சானைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

நீ கார்த்திகையில் வந்து ஓலைக் குச்சு கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாய். பின்கட்டில் பல்பு எரியவில்லை. தீட்டு கழிகிறவரை உள்ளே ஆள் போய் மாற்றக் கூடாது என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றார்கள். பிள்ளை அத்தனை நாளும் இருட்டில் கிடந்தாள். நீதான் வாசலுக்கு வெளியே நின்று, "மருமகளே, மாமா என்ன சீரு கொண்டாரணும், சொல்லு" என்று கேட்டாய். "இருட்டாத ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க மாமா" என்றாள். "அம்புட்டுத்தானா" என்றாய். அந்த வார்த்தையை அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஊரையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். உன் அட்டைப்பெட்டிகளில் எஸ்டோனியா என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து, அது எங்கே இருக்கிறது என்று தேடியிருக்கிறாள். அங்கே மேற்கே கடலில் சாரேமா என்று ஒரு தீவாம். பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று ஓடுகிற கூட்டம் எதுவும் அந்தப் பக்கம் போவதில்லை. ஜூன் மாசம் அங்கே ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சூரியன் விழுமாம். விழுந்த பிறகும் வெளிச்சம் போகாதாம். நடுராத்திரி வாசலில் உட்கார்ந்து விளக்கில்லாமல் புத்தகம் வாசிக்கலாம் என்று எவரோ எழுதியிருக்கிறார்கள். அவளுக்கு அது போதும்.

மஞ்சள் துணியில் என் பாஸ்போர்ட்டும் அவள் பாஸ்போர்ட்டும் இருக்கின்றன. அவருக்கு லீவு கிடைக்காது. அய்யனாருக்கு நேர்ந்து ஒரு ரூபாயையும் உள்ளே வைத்து, கோதை தன் கையால் முடிந்திருக்கிறாள். இடது கைக்காரி முடிச்சு, பிரிக்கக் கொஞ்சம் தொந்தரவு. ஏஜென்ட்டிடம் கொடுக்கும்போது சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பிரி. ரூபாயைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடு. போய் வந்ததும் எல்லோருமாகக் கோவிலுக்குப் போய்ப் போட்டுவிடலாம்.

உன் தங்கை
காளி


ராஜபாளையம்
2 மார்ச் 2025

ஏட்டி காளி,

எனக்குக் கடுதாசி நடையெல்லாம் வராது. பேசுற மாதிரியே எழுதுதேன், சிரிக்காத.

மூட்டை வந்துச்சு. பத்திரமா பீரோவுல இருக்கு. எஸ்டோனியாவுல, தாலின்ல இருந்து நம்ம சரக்கு வாங்குத பார்ட்டி அழைப்புக் கடுதாசி அனுப்புதேன்னுட்டான். குடும்பத்தோட வா, என் ஊரப் பாருன்னு ஒரே சந்தோசம் அவனுக்கு. ஏஜென்ட்டுகிட்டயும் பேசிட்டேன். நீ ஒண்ணுக்கும் கவலப்படாத.

நீ அந்தத் தீவப் பத்திப் படிச்சத எல்லாம் வெவரமா எழுதி அனுப்பு. எப்படிப் போறது, எங்க தங்குறது, சின்னப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கு, சோத்துக்கு என்ன வழி, எல்லாம். உன் மதினிக்கு நான் சொன்னா நம்பிக்க வர மாட்டேங்கு. போன வாரம் சகலை ஹரிகிருஷ்ணன் குடும்பத்தோட வந்திருந்தாரு. அவரும் பேச்சுவாக்குல நல்லா இருக்கும் போலயேன்னாரு. அவரு பேச்சத் தட்ட முடியாது பாரு, நம்ம யூனிட்டுக்கு நூலு அவரு மில்லுல இருந்துதான வருது.

அங்க தங்குறதுக்கு நீ பாக்குத வீட்டுல எத்தன பேரு தங்கலாம்? ஆறு பேருக்கு மேல விடுவாங்களா?

மருமகள நல்லாச் சாப்பிடச் சொல்லு.

அண்ணன்
சங்கிலிப்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
30 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இத்துடன் ஒரு நோட்டுக்கு எழுதி வைத்திருக்கிறேன். மதினி வாசிக்கட்டும், நம்பிக்கை வரும்.

தாலினில் இறங்கி ஒரு ராத்திரி தூங்கிவிட வேண்டும். பிள்ளைகளை இறங்கின கையோடு இழுத்துக்கொண்டு ஓடினால் மறுநாள் காய்ச்சலில் விழும். வாடகை வேன் எடுத்துக் கடற்கரை வரைக்கும் போனால் அங்கே கப்பல் இருக்கிறது. வேனோடு உள்ளே ஏற்றிக்கொள்வார்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. இறங்குவது முஹு என்கிற சின்னத் தீவு. அங்கிருந்து கடலுக்கு நடுவே போட்ட ரோட்டில் சாரேமா. பழைய மரக் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன, உள்ளே ஏறிப் பார்க்க விடுவார்கள். நம் ஆரல்வாய்மொழிக் காற்றாடி போல இல்லை, வீடு மாதிரி கதவு வைத்தது. வானத்திலிருந்து கல் விழுந்த குழி ஒன்று வட்டக் குளமாகக் கிடக்கிறது. ஒரு கோட்டையும் உண்டு. கடல் ரொம்ப தூரத்துக்குக் கணுக்கால் அளவுதான், உன் மகன் இறங்கினாலும் பயமில்லை.

தங்குகிற வீடு ஆறு பேருக்குச் சரியாக இருக்கும். நாம் ஐந்து பேர்தானே. அடுப்படி இருக்கிறது, அரிசியும் பொடியும் கொண்டுபோனால் போதும். வாசலில் மரப் பெஞ்சு ஒன்று போட்டிருக்கிறார்கள். பத்து வீடு பார்த்து இந்த ஒன்றை அந்த பெஞ்சுக்காகத்தான் எடுத்தேன். கோதை எந்தப் புத்தகத்தை அங்கே கொண்டுபோவது என்று தினமும் மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். விசாவுக்குக் கைரேகை வைக்க நாங்கள் சென்னைக்கு வர வேண்டும் என்று போட்டிருக்கிறதே, தேதி இன்னுமா கிடைக்கவில்லை? கோதை ஆசையில் உளறிவிட்டாள் போல, அத்தை காலையும் மாலையும், "என்னட்டி, உங்க அண்ணன் பிளேன் வந்திருச்சா" என்று கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு அசீனாவிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அசீனா சிரிக்கவில்லை, அவள் மகளுடைய குளிர் சட்டையைக் கோதைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

சீக்கிரம் எழுது.

காளி


ராஜபாளையம்
18 மே 2025

காளி,

எப்படிச் சொல்லுததுன்னு தெரியல தாயி. உங்க ரெண்டு பேருக்கும் தேதி கிடைக்கல. ஏஜென்ட்டு எம்புட்டோ முயற்சி பண்ணிப் பாத்தாரு. உங்க பாஸ்போர்ட் நம்பரப் போடுத நேரத்துக்கெல்லாம் இடம் முடிஞ்சு போகுதாம். இனிமே கேட்டா ஆகஸ்ட்டுக்கு மேலதானாம். எங்களுக்கு முன்னாடியே கிடைச்சிருச்சு. பார்ட்டி கூப்பிட்டிருக்கான், டிக்கெட்டும் போட்டாச்சு, போகாம இருந்தா ஏவாரம் கெட்டுப்போகும். அதனால நாங்க மட்டும் ஜூன்ல போயிட்டு வந்திருதோம். எனக்கு மனசே இல்ல.

அடுத்த வருசம் கட்டாயம். மருமகட்ட நீ பக்குவமாச் சொல்லிரு. நீ சொன்னா அவ கேப்பா.

பாஸ்போர்ட்ட எல்லாம் பத்திரமா பிச்சையம்மாகிட்டக் குடுத்து விட்டிருக்கேன்.

சங்கிலி


ஸ்ரீவில்லிபுத்தூர்
21 மே 2025

ராஜபாளையத்தில் இருக்கும் அண்ணன் அவர்களுக்கு,

மூட்டை வந்து சேர்ந்தது. நான் சமையல்கட்டில் இருந்தேன். கோதைதான் வாங்கினாள். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நான் திணறிக்கொண்டிருந்தேன். அவள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, இத மாமா பிரிக்கவே இல்லையே" என்றாள்.

நானும் பார்த்தேன். அவள் முடிந்தது முடிந்தபடியே இருந்தது. எல்லோரும் போடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகி அவள் போடுகிற முடிச்சு. எனக்கே அதைப் போட வராது. பிப்ரவரியில் போட்ட முடிச்சு மே மாசம் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டை நீங்கள் வெளியே எடுக்கவே இல்லை. எந்த நம்பரைப் போட்டு அந்த ஏஜென்ட் இடம் தேடினார்? அப்படி ஒரு முயற்சியே நடக்கவில்லை, அண்ணன் அவர்களே.

ஏன் நடக்கவில்லை என்பதையும் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிச்சையம்மாளை உட்கார வைத்துக் காபி கொடுத்துக் கேட்டேன். பாவம், அவளுக்கு ஒளிக்கத் தெரியாது. "மொதலாளியும் அவிய சகலபாடி குடும்பமும் போறாங்கன்னு யூனிட் பூராப் பேச்சும்மா. நீங்களும் போறீங்கன்னுல்ல நான் நெனச்சேன்" என்றாள். நீங்கள் மூன்று பேர், அவர்கள் மூன்று பேர். ஆறு பேருக்கு மேல் விடுவார்களா என்று மார்ச்சிலேயே கேட்டீர்களே. நான் ஒரு மடச்சி, வீடு போதுமா என்று அண்ணன் நமக்காகக் கவலைப்படுகிறான் என்று நினைத்துப் பத்து வீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

வேறு வீடா கிடைக்காது அங்கே? நான்தானே தேடினேன், எனக்குத் தெரியும். அடுத்த தெருவிலேயே இன்னொரு வீடு காலியாக இருந்தது. எங்களைக் கூட்டிப்போக உங்களுக்கு மனசில்லை. அதைச் சொல்லியிருந்தால் ரெண்டு நாள் அழுதிருப்பேன். என் நோட்டை வாங்கிக்கொண்டு, கப்பல் எங்கே ஏறுவது, பிள்ளைகளுக்கு எந்தக் கடற்கரை என்பது வரைக்கும் என் வாயால் சொல்ல வைத்துக்கொண்டு, எங்கள் பாஸ்போர்ட்டைப் பீரோவில் தூங்க வைத்திருக்கிறீர்கள்.

அத்தையிடம் நான் என்ன சொல்வது? உங்களை நம்பித்தானே அந்த அம்மாவை எதிர்த்து நின்றேன். அவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆக்கிவிட்டீர்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். கோதையிடம் பக்குவமாகச் சொல்கிற வேலையை எனக்குத் தராதீர்கள். அந்தக் குச்சு வாசலில் நின்று வாக்குக் கொடுத்தது நீங்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒரு நடை வந்து, அவள் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

காளீஸ்வரி


ராஜபாளையம்
6 ஜூலை 2025

காளி,

நீ என்னை நீங்க வாங்கன்னு எழுதினதப் படிச்சதும் எனக்குச் சோறு இறங்கல. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

வரணும்னுதான் பாத்தேன். சத்தியமா வண்டிய எடுத்துக்கிட்டு உங்க ஊரு மடவார் வளாகம் வரைக்கும் வந்துட்டேன். அங்க ஒரு டீயக் குடிச்சுட்டு, பிள்ளை என்னமும் கேட்டா என்ன சொல்லுததுன்னு செத்த நேரம் நின்னேன். பொறவு திருப்பிட்டேன்.

நடந்தத மறைக்காம சொல்லிருதேன். சகலை வாய்விட்டுக் கேட்டுட்டாரு. உன் மதினியும் அவ அக்காவும் சேந்துக்கிட்டாங்க. கூட்டம் சாஸ்தியானா சரிப்படாது, ரெண்டு குடும்பம் போதும்னு அந்த அக்காதான் சொல்லுச்சு. அவருக்கு முடியாதுன்னு சொன்னா நாளைக்கு நூலு வராது, முப்பது பேரு வேலைக்கு வாராங்க என் யூனிட்டுக்கு. உனக்கு முடியாதுன்னா நீ கோவிப்ப, அழுவ, பொறவு சரியாயிருவ. நீ என் தங்கச்சி. அப்பிடித்தான் நெனச்சேன். தப்புத்தான்.

முடிச்சப் பத்திக் கேட்டிருந்த. பிரிச்சுப் போட்டுத் திருப்பிக் கட்டி அனுப்பணும்னுதான் பீரோவுல இருந்து எடுத்தேன். அய்யனார் காசு உள்ள இருக்கு, அவருக்கு நேந்ததப் பொய்க்காகப் பிரிக்கக் கை வரல. அப்பிடியே குடுத்து விட்டுட்டேன்.

ஊரு நீ எழுதின மாதிரியே இருந்துச்சு. கப்பலு, காத்தாலை, குளம், கணுக்கால் தண்ணி, ஒண்ணுகூட மாறல. பிள்ளைகளுக்கு ஒரு சுணக்கம் இல்ல. சகலை உன் நோட்டப் பாத்துட்டு, "யாரு போட்ட பிளானுங்க, இம்புட்டு நல்லா இருக்கே" ன்னாரு. ஏஜென்ட்டுன்னு சொல்லிட்டேன். அந்த நேரத்துக்கு வேற வாயில வரல.

இப்ப நான் சொல்லுததக் கேளு. ஆவணியில கோதைக்குச் சடங்க ஜாம் ஜாம்னு வச்சிருவோம். மண்டபம் என் பொறுப்பு. மேளம், குதிரை வண்டி, நூத்தியோரு தட்டு, ஊரே பாக்கும்படி தாய்மாமன் சீரோட வாரேன். உன் மாமியா வாயையும் அடைச்ச மாதிரி இருக்கும். மொதத் தட்டுகள ஆடிப்பூரத்துக்கு முன்னாடியே அனுப்புதேன். மருமகளுக்கு அந்த ஊரு கம்பளிச் சட்டையும், அங்க ஒரு மரம் இருக்கு, வாசமா இருக்கும், அதுல செஞ்ச கரண்டியும் வாங்கியாந்திருக்கேன்.

மன்னிச்சிரு தாயி. இல்லாட்டி நேருல வந்து நாலு அறை அறைஞ்சுட்டாவது போ.

அண்ணன்
சங்கிலி


ஸ்ரீவில்லிபுத்தூர்
31 ஜூலை 2025

அண்ணன் அவர்களுக்கு,

தேருக்கு வந்த சொந்தமெல்லாம் நேற்றுத்தான் கிளம்பியது. ஒவ்வொருத்தியும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கோதைய அவ மாமன் கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டானா" என்று கேட்டாள். அத்தை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. ஒரு வாரமாக என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள், தட்டில் கேட்காமலே சோறு வைக்கிறார்கள். அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. உங்களால் எனக்குக் கிடைத்தது அது.

நீங்கள் அனுப்பிய தட்டுகளை வந்த வேனிலேயே திருப்பி அனுப்பினேன். கம்பளிச் சட்டையும் கரண்டியும் அதில்தான் இருக்கின்றன. மண்டபம் எதுவும் பேச வேண்டாம். எந்த விழா வேண்டாம் என்று அந்தப் பிள்ளை அழுதாளோ, அதையே நூற்றியோரு தட்டில் கொண்டுவருகிறேன் என்கிறீர்கள். அவள் கேட்டது என்ன என்று உங்களுக்கு இப்போதும் ஞாபகம் இல்லை.

காளி கோபிப்பாள், அழுவாள், பிறகு சரியாகிவிடுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைத்தான் இருபது தடவை வாசித்தேன். நான் மன்னித்துவிடுவேன் என்று தெரிந்துதான் என்னிடமிருந்து எடுத்திருக்கிறீர்கள். மன்னிக்காதவர்களுக்குப் பயந்து, மன்னிக்கிறவளை விற்றிருக்கிறீர்கள். அய்யனாருக்கு நேர்ந்த காசைத் தொடக் கை வரவில்லை. பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை மீற மட்டும் வந்ததாக்கும்.

போன சனிக்கிழமை நானும் கோதையும் அய்யனார் கோவிலுக்குப் போனோம். உங்கள் தெரு வழியாகத்தான் பஸ் போனது. கோவிலை ஒட்டின ஆற்றில் தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்தது. முடிச்சை அவளே பிரித்தாள். ரூபாயை உண்டியலில் போட்டாள். "நாமதான் இன்னும் போகலையே, இப்ப எதுக்குட்டி போடுத" என்று கேட்டேன். "மாமா கூட்டிட்டுப் போகணும்னு நேந்ததும்மா. அது முடிஞ்சு போச்சு. நான் படிச்சு நானாப் போவேன், அதுக்கு வேற காசு முடிஞ்சுக்கிடுவேன்" என்றாள். மஞ்சள் துணியை ஆற்றில் அலசி, பிழிந்து, தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

அவள் கல்யாணத்துக்கு உங்களுக்குப் பத்திரிகை வரும். வாருங்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மாலை எடுத்துக் கொடுக்க உங்களைக் கூப்பிட மாட்டேன். இதை நான் கோபத்தில் எழுதவில்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. இதை நான் கேட்கவில்லை, அவள் கேட்கச் சொன்னாள். வேறு எதுவும் வேண்டாமாம், இதற்கு மட்டும் பதில் எழுதச் சொன்னாள். அந்த வீட்டு வாசலில், அந்த பெஞ்சில் உட்கார்ந்தால், நடுராத்திரியில் விளக்கில்லாமல் புத்தகம் வாசிக்க முடிகிறதா?

காளீஸ்வரி


ராஜபாளையம்
9 ஆகஸ்ட் 2025

காளி,

மூணு தடவ எழுதிக் கிழிச்சுட்டேன். முடியும்னு எழுதி அனுப்பிரலாம்னுதான் பாத்தேன். அவகிட்ட இனிமே பொய் சொல்ல வேண்டாம்.

அங்க ராத்திரியெல்லாம் ஜன்னல் வழியா வெளிச்சம் வந்து கண்ணு கூசுதுன்னு உன் மதினி மொத நாளே தடிச்ச திரையா இழுத்து விட்டுட்டா. சகலை ரூமுலயும் அப்பிடித்தான். பகல் பூரா அலைஞ்ச அலுப்பு, எல்லாரும் படுத்துருவோம். பெஞ்சு வாசல்லதான் கெடந்துச்சு. ஈரத் துண்டு காயப் போட்டிருந்தோம்.

ஒரு நாள்கூட நான் வெளிய வந்து பாக்கல. வாசிக்க முடியுமான்னு எனக்குத் தெரியாது.

சங்கிலி